டெலிபோன் கம்பெனிக்குப் போன கணக்கு வாத்தியார்

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



வோல்ட், ஆம்பியர், ஓம், ஹெர்ட்ஸ்... இவையெல்லாம் மனிதர்களின் பெயர்கள் என்று முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள். எர்லாங் என்று இன்னொரு யூனிட் இருக்கிறது. ஒரு டெலிபோன் லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது ஒரு எர்லாங். இரண்டு மார்க் கேள்வி. நானும் படித்தேன், எழுதினேன், இரண்டு மார்க்கும் வாங்கினேன், மறந்தும் போனேன். அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று என்னைத் தேட வைத்தவர் மந்தைவெளியில் இருக்கும் ஒரு தாத்தா. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக தி.நகரில், பனகல் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆபீஸ்களுக்கு டெலிபோன் சிஸ்டம் போட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில். பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் ஐ.பி. சிஸ்டம் மாட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. சீனியர் டெக்னீஷியன் ஒருவரோடு என்னை அனுப்பினார்கள். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கிரிம்பிங் டூலைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே எட்டு வயரையும் வரிசைப்படுத்துவார். கணக்கு என்றால் மட்டும் தம்பி நீ பார்த்துக்கோ என்று நகர்ந்துவிடுவார்.

எங்களுக்கு வந்த வேலை ஒரு ரத்தப் பரிசோதனை லேப். லஸ் கார்னர் பக்கத்தில் தலைமை நிலையம், தி.நகரிலும் அடையாறிலும் கிளைகள். முதலில் மயிலாப்பூரை முடிப்பது, மற்ற இரண்டும் பிறகு என்று ஏற்பாடு.

ஜூனியர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நாம் பேசும் குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதினால் வினாடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லி செகண்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல் இருக்கும். மேலே விலாசம் எழுத இன்னும் 40 பைட். ஆக, வினாடிக்கு 50 பொட்டலம். ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் ஒரு பேச்சுக்கு, ஒரு திசையில், சுமார் 87 கிலோபிட் ஆகும். பொட்டலங்கள் அந்தப் பக்கம் முன்னே பின்னே வந்து சேரும். அவற்றை ஒரு சின்னத் தொட்டியில் தேக்கி, வரிசைப்படி திறந்துவிட வேண்டும். அதுதான் ஜிட்டர் பஃபர். யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்கிற செய்திகளுக்கு மட்டும் சிப் என்று ஒரு தனி நெறிமுறை உண்டு. நம் பெட்டியை ஊரிலுள்ள மற்ற டெலிபோன்களோடு சேர்க்கும் இணைப்புக்குப் பெயர் சிப் ட்ரங்க். அதைச் சேனல் கணக்கில் விற்கிறார்கள். மூன்று சேனல் வாங்கினால் ஒரே நேரத்தில் மூன்று பேச்சு. நான்காவது ஆளுக்கு எங்கேஜ்டு டோன். ஆபீஸுக்குள் 100 மெகாபிட் ஃபைபர் ஓடினாலும் இதேதான்.

எத்தனை சேனல் வாங்குவது? லேப் நடத்தும் டாக்டரம்மா கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. காலை 7 மணியிலிருந்து 8 வரைதான் கூட்டம். அந்த ஒரு மணியில் சராசரி 40 கால். ஒரு கால் சராசரி 3 நிமிஷம். 40 பெருக்கல் 3, 120 நிமிஷம். ஒரு லைனுக்கு ஒரு மணியில் 60 நிமிஷம் இருக்கிறது. ஆக இரண்டு லைன் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று கூட்டி, மூன்று என்று சொன்னேன். டாக்டரம்மா சரி என்றார். செலவும் மிச்சம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது!

சிஸ்டம் ஓடத் தொடங்கி இரண்டாவது திங்கட்கிழமை. சர்க்கரை பார்க்க வேண்டும், வெறும் வயிற்றில் இருக்க வேண்டும், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், அதற்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும். மந்தைவெளித் தாத்தா ஏழே காலுக்குள் மூன்று தரம் போட்டிருக்கிறார். மூன்று தரமும் எங்கேஜ்டு. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு தரம். அப்போதும் அதேதான். பிறகு வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்தே வந்தார். லேப் வாசல்படியில் கால் வைத்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது உள்ளே ஸ்விட்சுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் அக்காதான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். சர்க்கரை கரைத்துக் கொடுத்து, காற்று வீசி, பத்து நிமிஷத்தில் அவர் தெளிந்துவிட்டார். ஆனால் தெளிந்ததும் அவர் கோபித்துக்கொண்டது அந்த அக்காவை. போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அரட்டை அடிக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா பதில் பேசவில்லை. காலையிலிருந்து போனைக் காதிலிருந்து இறக்காதவர் அவர். டாக்டரம்மாவும் அக்காவைத்தான் ஒரு பார்வை பார்த்தார். தப்பு என்னுடையது என்று நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது இந்த மலரில் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் நேரே கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்துதான் எர்லாங்கை முதல் தடவையாக ஒரு மனிதராகப் படித்தேன்.

அக்னர் கிராரூப் எர்லாங். பிறந்தது 1878 ஜனவரி 1. ஊர் டென்மார்க்கில் ஜட்லாந்துப் பகுதியில் உள்ள லோன்போர்க் என்ற கிராமம். டென்மார்க் என்றால் நமக்கு ரொம்ப அந்நியமில்லை. 1620-இல் தஞ்சாவூர் நாயக்கரிடம் இடம் வாங்கி நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான். 1845-இல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது.

எர்லாங்கின் அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தேவாலயத்திலும் பணி. வசதியான குடும்பம் கிடையாது. அம்மா வழியில் படித்தவர்கள் நிறைய. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் ஃபின்கே என்ற கணித அறிஞர் அந்த வழி முன்னோர். டேன்ஜென்ட், சீகேன்ட் என்ற பெயர்களை ட்ரிக்னாமெட்ரிக்குக் கொண்டுவந்தவர் அவர். (முதல் செமஸ்டரில் அரியர் வைத்தவர்கள் இனி யாரைத் திட்டலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்!) சின்ன வயதில் ராத்திரி அண்ணன் தம்பி இருவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பார்களாம். ஒருவன் புத்தகத்தை நேராக வைத்துப் படிக்க, அக்னர் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படிப்பான். வீட்டில் இருந்தது அவ்வளவு புத்தகம்தான் போலிருக்கிறது.

பதினான்கு வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆரம்பத் தேர்வை எழுதினான். வயது போதாது என்று தனி அனுமதி வாங்கி எழுதி, சிறப்பாகத் தேறினான். தேறியும் மேலே போகவில்லை. ஊருக்குத் திரும்பி, அப்பாவின் பள்ளியிலேயே இரண்டு வருஷம் உதவி ஆசிரியர் வேலை. பிறகுதான் மேல்படிப்புக்குத் தயாராகி, 1896-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். தங்கும் இடமும் சாப்பாடும் உதவித்தொகையில் கிடைத்தன. கணிதம் முக்கியப் பாடம். கூட வானியல், இயற்பியல், வேதியியல். 1901-இல் எம்.ஏ.

பட்டம் வாங்கிவிட்டு ஏழு வருஷம் பள்ளிக்கூடங்களில் கணக்கு வாத்தியார். நண்பர்கள் மத்தியில் அதிகம் பேசாதவர் என்று பெயர். வகுப்பில் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் கணிதத்தை விடவில்லை. டென்மார்க் கணித சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். அங்கேதான் யோஹான் யென்சன் என்பவர் அறிமுகமானார். கணித மாணவர்களுக்கு யென்சன் சமனின்மை என்றால் தெரியும். அவர் பிழைப்புக்குச் செய்த வேலை டெலிபோன் கம்பெனியில் தலைமைப் பொறியாளர்! அவர் வழியாகக் கம்பெனி நிர்வாக இயக்குநர் யோஹான்சனின் பழக்கம் கிடைத்தது. யோஹான்சன் ஏற்கெனவே ஒரு கேள்வியோடு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர். எத்தனை லைன் போட்டால், எத்தனை பேர் காத்திருக்க நேரிடும்? லஸ் கார்னரில் டாக்டரம்மா என்னிடம் கேட்டது இதே கேள்விதான். நான் கால்குலேட்டர் எடுக்காமல் பதில் சொன்னேன். எர்லாங் அதற்காக வேலையையே மாற்றிக்கொண்டார். 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார், வயது 30.

கணித மேதைகள் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பது நமக்குப் புதிதில்லை. 1912-இல் நம் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். என்ன வித்தியாசம் என்றால், துறைமுகக் கணக்குக்கும் ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்துக்கும் சம்பந்தம் இல்லை. எர்லாங்குக்கு ஆபீஸ் வேலையே ஆராய்ச்சி.

அவரைக் கம்பெனியின் புதிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராகப் போட்டார்கள். தலைவர் என்றதும் ஏ.சி. ரூம், சுழல் நாற்காலி என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் அவருக்கென்று ஆட்களே இல்லை. தரைக்கடியில் போகும் கேபிள்களில் திருட்டுத்தனமாக ஓடும் மின்னோட்டத்தை அளக்க வேண்டியிருந்தது. கோபன்ஹேகன் தெருக்களில் எர்லாங் நடந்து போவார், பின்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி வருவார், ஒவ்வொரு மேன்ஹோலாக இருவரும் இறங்கி ஏறுவார்கள். ஊர் ஜனங்களுக்கு அது பழகிப்போன காட்சி. எம்.ஏ. கணிதம் படித்தவர் சாக்கடை மூடியைத் திறந்து இறங்குகிறார்! எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிட நெருக்கமான விஞ்ஞானி யார்?

சேர்ந்த அடுத்த வருஷமே, 1909-இல், முதல் கட்டுரை. டெலிபோன் அழைப்புகள் தற்செயலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால், அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலின்படி அமையும் என்று காட்டினார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். அதன் அர்த்தம் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 29சி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறீர்களா? அரை மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வரும். சராசரி என்னவோ சரியாகத்தான் இருக்கும், நிற்கிறவனுக்குத்தான் தெரியும். டெலிபோன் காலும் அப்படித்தான். 40 கால் என்றால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று என்று க்யூவில் நின்று வராது. ஏழு பத்துக்கு ஐந்து பேர் ஒன்றாகக் கூப்பிடுவார்கள். ஏழு இருபதுக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். சும்மா கிடந்த அந்த நிமிஷங்களைச் சேமித்து வைத்து அடுத்த நெரிசலுக்குக் கொடுக்க முடியாது. நான் சராசரியைப் பார்த்தேன். எர்லாங் அதைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார்.

1917-இல் வந்ததுதான் பெரிய கட்டுரை. தானியங்கி இணைப்பகங்களுக்கு எத்தனை லைன் வேண்டும் என்பதற்கு இரண்டு பார்முலா. லைன் கிடைக்காதவர் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றால் பி பார்முலா. காத்திருப்பார் என்றால் சி பார்முலா. பி பார்முலாவை நீங்கள் சாதாரணக் கால்குலேட்டரிலேயே போடலாம். இப்படிச் செய்யுங்கள்: சுமை 2 எர்லாங். லைனே இல்லாவிட்டால் தட்டுப்படுவது 1, அதாவது எல்லோருக்கும் எங்கேஜ்டு. அந்த 1-ஐச் சுமையால் பெருக்குங்கள், 2. அதை, முதல் லைன் என்பதால் 1-உம் அந்த 2-உம் சேர்ந்த 3-ஆல் வகுங்கள். 0.667. மறுபடி இதைச் சுமையால் பெருக்குங்கள், 1.333. இரண்டாவது லைன், ஆகவே 2-உம் 1.333-உம் சேர்ந்த 3.333-ஆல் வகுங்கள். 0.4. அதாவது என் கணக்குப்படி சரியாகப் போதும் என்ற அந்த இரண்டு லைனில், நூற்றுக்கு 40 பேருக்கு எங்கேஜ்டு! மூன்று லைனுக்குப் போனால் 21 பேர். ஐந்து பேரில் ஒருவர். நான்கு லைனில் சுமார் பத்துப் பேர், ஐந்தில் நாலு பேருக்கும் குறைவு, ஆறில் ஒருவருக்குச் சற்று மேல். நூற்றில் ஒருவருக்கும் கீழே இறங்க ஏழு சேனல் வேண்டும். நான் சொன்னது மூன்று.

இது சாதாரண நாளைக்கு. திங்கட்கிழமை 60 கால் வந்தால் சுமை 3 எர்லாங். மூன்று சேனலில் நூற்றுக்கு 35 பேர் திரும்பிப் போவார்கள். போனவர்கள் சும்மா இருப்பார்களா? மறுபடி மறுபடி போடுவார்கள், சுமை இன்னும் ஏறும். அந்த 35-இல் ஒருவர்தான் நம் தாத்தா. நூலகத்தில் ஏழாவது மாடியிலோ எட்டாவது மாடியிலோ உட்கார்ந்து இந்த எண்ணை நோட்டில் எழுதும்போது எனக்குக் கை சில்லிட்டது.

எர்லாங்குக்குத் திரும்புவோம். அவர் கட்டுரைகள் உலகமெல்லாம் போயின. இங்கிலாந்து அஞ்சல் துறை தன் டெலிபோன் லைன்களைக் கணக்கிட அவர் பார்முலாவை எடுத்துக்கொண்டது. அவர் மட்டும் அதே கம்பெனியில், அதே ஊரில் இருந்தார். கிட்டத்தட்ட இருபது வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாத்தியத்தில் பெரும் பங்கு புத்தகம் வாங்கவே போனது. கணிதம், வானியல், இயற்பியல் மட்டுமில்லாமல் சரித்திரம், தத்துவம், கவிதையும் அலமாரியில் இருந்தன. கஷ்டப்பட்டவர்கள் உதவி கேட்டு ஆபீஸுக்கே வருவார்களாம். சத்தமில்லாமல் கொடுத்து அனுப்புவார். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள்கூட லீவு போடாதவர் என்று சொல்கிறார்கள். 1929 ஜனவரியில் வயிற்றுக் கோளாறு என்று படுத்தவர், பிப்ரவரி 3-ஆம் தேதி இறந்துபோனார். வயது 51-தான்.

1946-இல் சர்வதேச டெலிபோன் ஆலோசனைக் குழு அவர் பெயரை டெலிபோன் சுமையின் அலகுக்கு வைத்தது. நமக்கு இரண்டு மார்க் வந்தது அப்படித்தான். 1986-இல் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில் இணைப்பகங்களுக்காக ஒரு புரோகிராமிங் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதற்கும் எர்லாங் என்றே பெயர். நாம் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் ஓடுவது அந்த மொழியில்தான்.

ஒரு இடத்தில் மட்டும் எர்லாங்கின் கணக்கு கைவிட்டுவிடும். அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் வந்து அடையாறு கரை புரண்டபோது நாங்கள் சைதாப்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். நான் சின்னப் பையன். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து மாடிக்கு எங்களை ஏற்றிவிட்டு அம்மா விடிய விடிய அப்பாவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். கரண்ட் போய் டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணையாத டவரில் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. போன் சார்ஜ் தீரும் வரை போட்டாள். மறுநாள் மத்தியானம் அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். எர்லாங்கின் பாய்சான் கணக்குக்கு முக்கியமான நிபந்தனை, ஒருவர் கூப்பிடுவதற்கும் இன்னொருவர் கூப்பிடுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்பது. அன்றைக்கு ஊரில் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற அளவுக்கு எந்த டெலிபோன் அமைப்பையும் யாரும் கட்டுவதில்லை, காசு கட்டுப்படியாகாது. அதனால்தான் வெள்ளம், புயல் நாட்களில் மெசேஜ் அனுப்பு, பேசாதே என்று நம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மெசேஜ் சேனலைப் பிடித்துக்கொண்டு உட்காராது.

மறுநாள் காலையில் அண்ணனிடம் என் நோட்டைக் காட்டினேன். அவர் முதலில் நம்பவில்லை. ஃபைபர் இவ்வளவு வேகம் இருக்கும்போது எதுக்குடா எங்கேஜ்டு வரப்போகுது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிமூன்று பேர் ஒன்றாகப் பேசினாலும் 1.1 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். வயர் காலியாகத்தான் கிடக்கிறது. இன்டர்நெட் வந்து வயரின் நெருக்கடியைத் தீர்த்துவிட்டது, ஆனால் சேனலும் ஆளும் அதே எண்ணிக்கைதான். 1917-இல் செப்புக் கம்பிக்குப் போட்ட கணக்கு இங்கே சேனலுக்குப் பொருந்துகிறது. இப்படிச் சொன்னதும் அண்ணன் தன் சட்டைப்பை டைரியை எடுத்து அந்த வகுத்தல் முறையை எழுதிக்கொண்டார்.

இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். தப்புக் கணக்கு என்னுடையது, அக்கா பேரில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சரி, ஏழு சேனல் வாங்கினால் தீர்ந்துவிடுமா என்று மட்டும் கேட்டார்.

தீராது. லைன் கிடைத்தால் மட்டும் போதுமா, எடுத்துப் பேச ஆள் வேண்டாமா? இங்கேதான் எர்லாங்கின் சி பார்முலா. மயிலாப்பூரில் போன் எடுப்பவர்கள் மூன்று பேர். 2 எர்லாங் சுமைக்கு மூன்று பேர் இருந்தால், கூப்பிடுகிறவர் சராசரியாக 80 வினாடி பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான்காவது ஆள் ஒருவரைப் போட்டால் அது 16 வினாடியாகக் குறைந்துவிடும். ஒரே ஒரு ஆள்! ஆனால் புதிதாக ஆள் போட டாக்டரம்மாவுக்கு இஷ்டமில்லை. மூன்று இடத்திலும் மூன்று மூன்று பேர், ஒன்பது சம்பளம் ஏற்கெனவே போகிறது என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தி.நகரிலும் அடையாறிலும் இதே மாதிரி 40 கால், இதே மூன்று நிமிஷம். மூன்று கிளையையும் தனித்தனியாக வைத்தால் ஏழேழாக 21 சேனல். மூன்றையும் ஒரே ஐ.பி. சிஸ்டத்தில் கோர்த்துவிட்டால் மொத்தச் சுமை 6 எர்லாங்; அதற்கு 13 சேனல் போதும், ஏனென்றால் லஸ்ஸில் நெரிசலாக இருக்கிற நிமிஷத்தில் அடையாறு சும்மா இருக்கும். ஆட்கள் கணக்கு இன்னும் ஆச்சரியம். அதே ஒன்பது பேர், அதே கால். தனித்தனியாக இருந்தால் 80 வினாடிக் காத்திருப்பு. ஒரே வரிசையாகச் சேர்த்தால் 12 வினாடி! நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

கம்பெனிகள் யூனிஃபைட் கம்யூனிகேஷன் என்று பெரிய பெயரில் விற்பதில் பாதி சமாச்சாரம் இதுதான். மீதிப் பாதி வசதிகள். மேஜை போன், மொபைலில் ஒரு ஆப், வீடியோ, மெசேஜ் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் நம்பரில்; யார் சீட்டில் இருக்கிறார், யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது பச்சை, சிவப்புப் புள்ளியாகத் தெரியும்; எடுக்காத காலின் செய்தி ஈமெயிலாக வந்து விழும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் பையன்களுக்கும் ஆப் போட்டுக் கொடுத்தோம். அவர்களுடைய சொந்த நம்பர் நோயாளிகளுக்குத் தெரியாது, லேப் நம்பரே தெரியும். விளம்பரத்தில் இந்த வசதிகளைத்தான் போடுவார்கள். 80 வினாடி 12 வினாடியாவதை யாரும் போடுவதில்லை.

மாற்றி முடிக்க இரண்டு வாரம் ஆனது. தி.நகர்க் கிளைக்கு இரண்டு இன்டர்நெட் இணைப்பு கேட்டு வாங்கினோம். உஸ்மான் ரோடு பக்கம் எப்போது எந்தப் பள்ளம் தோண்டி எந்தக் கேபிளை அறுப்பார்கள் என்று சொல்ல முடியாது. எல்லாக் கிளைகளிலும் போனுக்கும் ரவுட்டருக்கும் யு.பி.எஸ். வைத்தோம். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், ஐ.பி. போன் கரண்ட் போனால் செத்துப்போகும், இதை ப்ராஜெக்ட் பண்ணுகிறவர்கள் மறக்காதீர்கள்.

பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று காலை நான் அடையாறு கிளையில் ஹெட்செட் மாற்றிக்கொண்டிருந்தேன். லஸ் நம்பருக்கு வந்த கால், மயிலாப்பூரில் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்ததால் அடையாறு அக்காவிடம் வந்து விழுந்தது. திரையில் மந்தைவெளித் தாத்தாவின் பெயர். இரண்டாவது மணியிலேயே எடுத்தாகிவிட்டது. மாதச் சர்க்கரைக்கு ஆள் அனுப்பச் சொன்னார், பெயர், நேரம் எல்லாம் பதிவானது. பிறகு, குளத்தைச் சுற்றி எத்தனை மணிக்குப் பாதையை அடைப்பார்கள், உங்கள் வாசலில் போலீஸ் தடுப்புப் போட்டாகிவிட்டதா என்று கேட்டார். எந்த வாசலை என்று அடையாறு அக்காவுக்கு விளங்கவில்லை, திருதிருவென்று என்னைப் பார்த்தார். தாத்தாவை ஹோல்டில் போட்டுவிட்டு, உள் எக்ஸ்டென்ஷனில் மயிலாப்பூர் அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் போடவில்லை, மத்தியானத்துக்கு மேல்தான் என்றார். அடையாறு அக்கா தாத்தாவிடம் அதையே சொன்னார்.